சூடானா நிக்குது, ஆறினா ஓடுது: ஒத்த சிலிண்டர் டூயல் ஸ்போர்ட் வண்டிக்கு கார்ப் மாத்தலாமா?

மார்ச் 2 (கேள்வி)

"650 சிசி டூயல் ஸ்போர்ட் (தார் ரோட்டுலயும் மண்ணுலயும் ஓடுற ரகம்), ஒரே சிலிண்டர், காத்துல குளிர்ற இன்ஜின், கார்ப் (கார்புரேட்டர், பெட்ரோலைக் காத்தோட கலக்குறது) வண்டி. காலையில சோக் இழுத்தா ஒரே அழுத்துல ஸ்டார்ட். அரை மணி நேரம் ஓட்டிட்டு எங்கயாவது நிறுத்தினா ஐடிலிங் தடுமாறி அணைஞ்சுடுது. உடனே செல்ஃப் அடிச்சா சுத்துது, பிடிக்கல. இருபது நிமிஷம் ஆறவிட்டா மறுபடி ஒரே அழுத்து. ஓடும்போது நல்லாவே இழுக்குது. பெட்ரோல் மாத்தினேன், பிளக் மாத்தினேன். கார்ப் போச்சு, புதுசு போடுங்கறாங்க. போடலாமா?"

மார்ச் 2, இரவு

போடாதீங்க. இப்போதைக்கு எதையும் கழட்டவும் வேண்டாம்.

பாதி பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு. ஓடும்போது நல்லா இழுக்குதுன்னா கார்ப்புக்குள்ள இருக்கிற மெயின் ஜெட், நீடில், ஃப்ளோட் எல்லாம் அது அது வேலையைச் செய்யுது. கார்ப்ல சந்தேகப்பட மிச்சம் இருக்கிறது பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கு பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளை வச்ச திருகு) மட்டும்தான். ஐடிலிங்ல ஆரம்பிச்சு கால் த்ராட்டில் வரைக்கும் அதோட ராஜ்யம். துளை அரை மி.மீ. கூட இருக்காது, வண்டி கொஞ்ச நாள் சும்மா நின்னா முதல்ல அடைக்கிறதும் அதுதான். ஆனா ஒரு ஜெட் அடைச்சதுக்கு முழு கார்ப்பையும் மாத்துவாங்களா?

அடுத்த தடவை நின்னா, நின்ன இடத்திலேயே, ஆறுறதுக்குள்ள பாருங்க. ஆறினப்புறம் எந்த மெக்கானிக்கிட்ட போனாலும் வண்டி நல்லா ஓடும், அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

முதல்ல டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு, அடுத்த நிமிஷம் ஸ்டார்ட் ஆச்சுன்னா மூடியில இருக்கிற காத்துத் துளை அடைச்சிருக்கு. டேங்க்ல வெற்றிடம் உருவாகி பெட்ரோல் கீழ இறங்காம நிக்குது. அப்புறம் சோக்கை இழுத்து ஒரு தடவை செல்ஃப். சூடான இன்ஜின் சோக் போட்டாதான் பிடிக்குதுன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், அப்பதான் பைலட் ஜெட் பக்கம் போகணும். அதுவும் இல்லன்னா சோக்கை உள்ள தள்ளிட்டு, த்ராட்டிலை முழுசா திறந்து வச்சு செல்ஃப். அப்ப கருப்புப் புகையோட பிடிச்சா பெட்ரோல் அதிகமா இறங்குது. கடைசியா பிளக்கைக் கழட்டுங்க. ஈரமா இருக்கா, காஞ்சிருக்கான்னு பாருங்க, ஒயர் நுனியில இருக்கிற பிளக் கேப்பில் மாட்டி இன்ஜின் உலோகத்துல பிளக்கோட உடம்பு படுற மாதிரி வச்சு ஸ்பார்க் பாருங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல வைக்காதீங்க, அதுவழியா பெட்ரோல் ஆவி பீச்சி அடிக்கும், பத்திக்கும். சூடான இன்ஜின்ல பிளக்கை முரட்டுத்தனமா திருப்பாதீங்க, ஹெட் (சிலிண்டரோட மேல் மூடி, வால்வு இருக்கிற இடம்) அலுமினியம், மரை போயிடும்.

மார்ச் 5

கேட்டவர் சொன்ன பதில்: மூடியைத் திறந்தும் மாற்றம் இல்ல, சோக் போட்டும் இல்ல, முழு த்ராட்டில்லயும் இல்ல. ஸ்பார்க் நீலமா நல்லா அடிக்குது. பிளக் லேசா ஈரம்.

பெட்ரோல் வருது, நெருப்பு வருது. ஆனா பிடிக்கல. அப்ப மிச்சம் என்ன? அழுத்தம். கம்ப்ரெஷன்.

வால்வு இடைவெளி, அதான் டாப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கர்ங்கிற கைக்கும் நடுவுல விடுற சந்து), கடைசியா எப்ப பார்த்தீங்கன்னு கேட்டேன். "சத்தமே வரலையே, எதுக்குப் பார்க்கணும்?"னாரு. அந்தச் சத்தம் வராததுதான் எனக்குப் பயம். லேசா டிக் டிக்குனு கேட்கிற டாப்பெட் இன்ஜினைக் கெடுக்காது, எரிச்சல்தான் தரும். இடைவெளி குறைய குறைய இன்ஜின் அமைதியாகிட்டே வரும். பழகிடுச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்போம், உள்ள வால்வு எரிஞ்சிட்டு இருக்கும்.

நடக்கிறது இதுதான். நாள்பட ஓட வால்வு முகமும் அது உட்கார்ற சீட்டும் தேஞ்சு, வால்வு கொஞ்சம் கொஞ்சமா ஹெட்டுக்குள்ள மேல ஏறுது. ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல இருந்த இடைவெளி சுருங்குது. குளிர்ச்சியா இருக்கும்போது ஒரு மயிரிழை மிச்சம் இருக்கும், ஸ்டார்ட் ஆகும். சூடேறினதும் எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளிய விடுறது) தண்டு நீண்டு அந்த மயிரிழையும் போயிடும். வால்வு முழுசா மூடாது.

அப்ப ஓடும்போது எப்படி இழுக்குது? வாஷர் தேஞ்ச சைக்கிள் பம்ப்பை நினைச்சுக்குங்க: வேகமா அடிச்சா காத்து ஏறும், மெதுவா அடிச்சா ஓரத்துல கசிஞ்சிடும். நிமிஷத்துக்கு 4000 சுத்துல கசிய நேரம் இல்ல. செல்ஃப் சுத்துற வேகத்துல தாராளமா நேரம் இருக்கு. ஐடிலிங் தடுமாறுறதும் அதனாலதான்.

தள்ளிப் போடாதீங்க. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டுல உட்கார்ற அந்த நேரத்துலதான் இறக்கி வைக்குது. உட்கார முடியலன்னா சூடு போக வழியில்ல, ஓரம் எரிஞ்சு பள்ளம் விழும். அதுக்கப்புறம் ஹெட்டைக் கழட்டாம தீராது.

மார்ச் 6

ஒருத்தர் சரியான இடத்துல குறுக்க வந்திருக்கார்: "அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். சூடானா ஹெட் உயர்ந்து இடைவெளி கூடணுமே, எப்படிக் குறையும்?"

விரிவுக் கணக்கு சரிதான். ஆனா ரெண்டும் ஒரே சூட்டுல இல்ல. கடுமையா ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வோட தலை 700 டிகிரியைத் தொடும், ஹெட் அதுல மூணுல ஒரு பங்கு சூட்டுல இருக்கும். எது ஜெயிக்கும்ங்கிறது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், சிலதுல சூட்டுல இடைவெளி கூடவும் செய்யும். நேத்து நான் எழுதினதை எல்லா இன்ஜினுக்கும் விதியா எடுத்துக்க வேண்டாம். இன்டேக் வால்வை (காத்தையும் பெட்ரோலையும் உள்ள விடுறது) விட எக்ஸாஸ்டுக்கு அதிக இடைவெளி வைக்கச் சொல்றதுக்குக் காரணமும் இந்தச் சூடுதான்.

மார்ச் 6, இன்னும் கொஞ்சம்

வால்வு இடைவெளியை எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டதால.

இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். கையேடுகள் 35 டிகிரிக்குக் கீழன்னு சொல்லும், நடைமுறையில ராத்திரி நிறுத்தினதை காலையில திறக்கிறதுன்னு வச்சுக்குங்க. டேங்க்கை இறக்கி, பிளக்கைக் கழட்டி, ஃப்ளைவீல் பக்கம் இருக்கிற ரெண்டு மூடியையும் திறந்தா ஒண்ணுல போல்ட் தெரியும், இன்னொண்ணுல 'டி' குறி (பிஸ்டன் உச்சியில இருக்குன்னு காட்டுறது) தெரியும். அந்த போல்ட்டை இன்ஜின் சுத்துற திசையிலேயே மெதுவா திருப்பி குறியை நேரா கொண்டு வாங்க. நாலு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜின்ல அந்தக் குறி ரெண்டு தடவை வரும், நமக்கு வேண்டியது கம்ப்ரெஷன் வீச்சோட உச்சி. அங்க இன்டேக், எக்ஸாஸ்ட் ராக்கர் எல்லாமே கையால அசைச்சா லேசா ஆடும். எதுவோ இறுக்கமா இருந்தா இன்னொரு முழுச் சுத்து சுத்துங்க. குறியைத் தாண்டிட்டா பின்னால திருப்பாதீங்க. சில இன்ஜின்கள்ல தானியங்கி டீகம்ப்ரஸர் (ஸ்டார்ட் பண்ண லேசா இருக்க அழுத்தத்தைக் குறைக்கிற அமைப்பு) எதிர்த் திசையில திருப்பும்போது எக்ஸாஸ்ட் வால்வை லேசா அழுத்திடும், தப்பான அளவு காட்டும்.

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசான தகடுகள்) தகடு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல லேசா இழுபடுற மாதிரி போகணும். அந்த 'லேசா' ஆளுக்கு ஆள் மாறும். அதனால ரெண்டு தகடா பாருங்க: சொன்ன அளவு போகணும், அதுக்கு அடுத்த கனம் போகக் கூடாது. இடைவெளியை மாத்துற திருகைப் பூட்டுற லாக்நட்டை முறுக்கும்போது திருகும் கூடவே ஒரு பொட்டு திரும்பும், முறுக்கினப்புறம் மறுபடி அளக்காம மூடிடாதீங்க. திருகுக்குப் பதிலா ஷிம் (அளவுத் தகடு) வச்ச இன்ஜின்னா அளவை எழுதி வச்சுட்டுதான் கேம்ஷாஃப்ட்டைத் தொடணும்.

அளவு என்னன்னு என்கிட்ட கேட்காதீங்க. உங்க கையேட்டுல இருக்கு. இந்த ரக 650ல இன்டேக் 0.10 பக்கத்துலயும் எக்ஸாஸ்ட் 0.20 பக்கத்துலயும் இருக்கும், அவ்வளவுதான் சொல்வேன்.

மார்ச் 9

முதல் ஆளோட அளவு வந்தாச்சு. இன்டேக் ரெண்டும் 0.10. எக்ஸாஸ்ட் இடது 0.15. வலது: அவர்கிட்ட இருக்கிற மெல்லிசான தகடு 0.04, அதுவே நுழையல.

கையேடு சொன்ன அளவுக்கு வச்சு ஓட்டிப் பார்த்திருக்கார், சூட்டுலயும் ஒரே அழுத்து. சந்தோஷம். ஆனா ஒரு வால்வோட இடைவெளி மட்டும் ஏன் அவ்வளவு குறைஞ்சுச்சு? தேய்மானம்னா ரெண்டும் கிட்டத்தட்ட சேர்ந்துதான் குறையணும். 1000 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி திறந்து பாருங்க. வலது மட்டும் திரும்ப சுருங்கினா சீட்டோ வால்வோ போயிட்டு இருக்கு, அப்ப லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள்ள காத்தை ஏத்தி எங்க கசியுதுன்னு பார்க்கிறது) பண்ணணும். அளவையும் கிலோமீட்டரையும் எங்கயாவது எழுதி வைங்க. ஒரு எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு எண் இருந்தா வால்வு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.

மார்ச் 14

இன்னொருத்தர்: "எனக்கும் சூடானா நிக்குது, டாப்பெட் சரியா இருக்கு, ஆனா நின்ன நேரத்துல ஸ்பார்க் இல்ல."

இது வேற நோய். ஃப்ளைவீல் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிக்கப் காயில் (பல்சர் காயில்னும் சொல்வாங்க, ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு சொல்றது), இல்லன்னா ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் தர்ற இக்னிஷன் காயில். உள்ள கம்பி எங்கயோ அறுந்து தொட்டுக்கிட்டு இருக்கும், சூட்டுல விரிஞ்சு பிரியும், ஆறினா மறுபடி தொட்டுக்கும். ஆறின நிலையில மீட்டர் வச்சு "எல்லாம் சரியா காட்டுதே"ன்னு ஏமாறாதீங்க. நின்ன உடனே, சூட்டோட அளங்க. சிடிஐ பெட்டியை (ஸ்பார்க்கை இயக்குற மின்னணுப் பெட்டி) சந்தேகப்படறது கடைசியா. அதைத்தான் எல்லாரும் முதல்ல மாத்துவாங்க, அதுவும் இரவல் வாங்கி.

காயிலுக்கு முன்னால பிளக் கேப்பைப் பாருங்க. அது ஒயர்ல திருகி நிக்கிறது, கழட்டி ரெண்டு முனைக்கும் நடுவுல அளந்தா பெரும்பாலும் 5 கிலோ ஓம் பக்கம் வரணும். அதிர்வுலயும் தண்ணியிலயும் உள்ள பச்சை பிடிச்சு எங்கயோ போயிருக்கும். ஒயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிட்டு மறுபடி திருகினாலே சரியான வண்டிகளைப் பார்த்திருக்கேன்.

வெளியில ஸ்பார்க் வந்தா உள்ளயும் வரும்னு நினைக்காதீங்க. சிலிண்டருக்குள்ள காத்து அழுந்தியிருக்கு, அதைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேணும். பிளக் இடைவெளி ஒரு மி.மீ. கூட இல்ல, அதைத் தாண்டுறது பெருசில்ல. இடைவெளி மாத்தக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் வச்சு 6, 7 மி.மீ. தாண்டுதான்னு பாருங்க. கேப்பை அந்தரத்துல தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீங்க, போக வழியில்லாத மின்சாரம் காயிலையும் சிடிஐயையும் தின்னும்.

மார்ச் 16

ஒருத்தர் வண்டியில கில் சுவிட்ச் (ஹேண்டில்ல இன்ஜினை அணைக்கிற சுவிட்ச்) ஆஃப்ல இருந்துச்சாம். ஒரு மணி நேரம் பிளக் கழட்டி மாட்டினாராம். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.

மார்ச் 21

அந்த கில் சுவிட்ச் ஆளைச் சிரிச்சது போதும், அதுல ஒரு விஷயம் இருக்கு.

வண்டி எப்படி அணைஞ்சதுங்கிறதைக் கவனிங்க. சாவியைத் திருப்பின மாதிரி பட்டுனு அணைஞ்சா மின்சாரம். ரெண்டு மூணு தடவை இழுத்துப் பிடிச்சு, இருமி, தேய்ஞ்சு அணைஞ்சா பெட்ரோல். இது தெரிஞ்சா தேட வேண்டிய இடம் பாதியாயிடும். மண்ணுல ஓடுற வண்டியில பட்டுனு அணைஞ்சா எனக்கு முதல் சந்தேகம் சைடு ஸ்டாண்டு சுவிட்ச் மேலதான். சேறு தெறிக்கிறதுக்குன்னே அளந்து வச்ச மாதிரி ஒரு இடத்துல அதை வச்சிருக்காங்க. கியர் போட்டதும் அணையுது, நியூட்ரல்ல ஓடுதுன்னா கிட்டத்தட்ட அதுதான். கழுவி, காயவச்சு, ஸ்டாண்டைப் பத்து தடவை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஹேண்டிலை முழுசா ஒரு பக்கம் ஒடிக்கும்போது அணைஞ்சா ஹெட் பைப் (ஹேண்டில் திரும்புற குழாய்) பக்கம் வளையுற ஒயர் கட்டைச் சந்தேகப்படுங்க.

செல்ஃப் அழுத்தினா டிக்குனு மட்டும் வருதுன்னு கேட்டவருக்கும் சேர்த்து: பேட்டரி ஓய்வுல 12.6 வோல்ட்டுக்கு மேல இருக்கணும், 12 காட்டினா அது கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழ விழுந்தா பேட்டரி. விழலன்னா மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் உலோகத்துலயும் வச்சு செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயர் முனை துருப்பிடிச்சிருக்கு. 5000 சுத்துல பேட்டரி முனையில 14 வோல்ட் பக்கம் வரலன்னா ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்குறது), ரெக்டிஃபையர் (அதை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துறது). முதல்ல அது ரெண்டையும் சேர்க்கிற கனெக்டரைப் பிரிச்சுப் பாருங்க. உருகிப் போயிருந்தா அதுதான் விஷயம்.

மார்ச் 22

மார்ச் 2ல நான் சொன்ன சோக், முழு த்ராட்டில் சோதனை எல்லாம் கார்ப் வண்டிக்கு. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்க அதைச் செஞ்சுட்டு "ஒண்ணும் தெரியல"ங்கறாங்க, தெரியாதுதான். உங்களுக்கு: சாவி போட்டதும் ரெண்டு மூணு நொடி பம்ப் உறுமுதான்னு கேளுங்க. கீழ விழுந்து எழுப்பினப்புறம் ஸ்டார்ட் ஆகலன்னா சாவியை ஆஃப் பண்ணி மறுபடி போடுங்க, சாய்வு சென்சார் பம்ப்பை நிறுத்தி வச்சிருக்கும். இன்ஜின் விளக்கு சிமிட்டினா எண்ணுங்க, கையேட்டுல அந்தக் கணக்குக்கு அர்த்தம் இருக்கும்.

டேங்க் மூடி சோதனையிலயும் ஒண்ணு விட்டுப்போச்சு. வெற்றிடத்துல திறக்கிற பெட்ரோல் காக் இருக்கிற வண்டியில மூடி நல்லா இருந்தாலும் காக்கோட டயஃப்ரம் (உள்ள இருக்கிற மெல்லிசான சவ்வு) கிழிஞ்சிருக்கலாம். 'பிரைம்' நிலைக்குத் திருப்பினா டயஃப்ரம் இல்லாமலே பெட்ரோல் இறங்கும், அதுல ஓடினா காக்தான். கிழிஞ்ச டயஃப்ரம் வெற்றிடக் குழாய் வழியா பெட்ரோலை நேரா இன்டேக்குக்கும் அனுப்பும். ஒரு குத்தம், ஒரே நேரத்துல பெட்ரோல் பத்தாமையும் அதிகமாவும் காட்டும். மண்டை காயும்.

மார்ச் 28

ஏர் ஃபில்டர். இதை யாரும் கேட்கல, ஆனா தூசி உள்ள போய் பிஸ்டன் ரிங் தேயுறதோட ஆரம்பம் இங்கதான்.

தூசியில முன்னால ஒரு வண்டி போக, பின்னால நீங்க போனா, ஒரே நாள்ல ஃபோம் ஃபில்டர் நிறம் மாறிடும். கையேட்டுல போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு தார் ரோட்டுக்கு. குழுவா போனா கடைசி வண்டியோட ஃபில்டர்தான் முதல்ல போகும், அதனால நான் இடம் மாறிக்கிட்டே போவேன், இல்லன்னா தூசி அடங்குற வரைக்கும் பின்தங்குவேன்.

ஃபோமை மண்ணெண்ணெயில அலசி, பிழிஞ்சு (முறுக்காதீங்க, ஒட்டு பிரியும்), சோப்புத் தண்ணியில கழுவி, நிழல்ல முழுசா காயவிடணும். பெட்ரோல்ல கழுவுறவங்க இருக்காங்க. ஒட்டையும் கரைக்கும், ஒரு பொறி பட்டா உங்களையும் சேர்த்து. காஞ்சப்புறம் ஃபோம் ஃபில்டர் எண்ணெய், எல்லா இடமும் ஒரே நிறமா வர்ற வரைக்கும் பிசைஞ்சு, மிச்சத்தைப் பிழிஞ்சிடணும். காஞ்ச ஃபோம் தூசியைப் பிடிக்காது, வழி விடும். அதோட துளைகள் தூசியை விடப் பெருசு, பிடிக்கிறது அந்தப் பிசுபிசுப்புதான். இன்ஜின் ஆயில் போட்டா ஓடும், ஆனா கொஞ்ச நாள்ல அது கீழ வடிஞ்சு மேல் பாதி காஞ்சிருக்கும். காகித ஃபில்டர்னா எண்ணெயும் வேண்டாம் கழுவலும் வேண்டாம், மாத்துங்க.

மாட்டுறதுக்கு முன்னால விரலை விட்டு, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், கார்ப்புக்குப் போற ரப்பர் குழாயோட உள்சுவரைத் தடவுங்க. விரல்ல நறநறன்னு ஏதாவது வந்தா ஃபில்டர் எவ்வளவு சுத்தமா இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஓரத்துல கசியுது. ஃபில்டர் விளிம்புல கிரீஸ் ஒரு கோடு இழுத்து மாட்டுங்க.

ஏப்ரல் 3

"செயின்ல ஆட்டமே இருக்கக் கூடாது, நான் எப்பவும் டைட்டாதான் வைப்பேன்."

வேண்டாம். பின் சஸ்பென்ஷன் மேல கீழ போகும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் இருக்கிற தூரம் மாறுது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின் அச்சு மூணும் ஒரே கோட்டுல வர்ற இடத்துலதான் தூரம் அதிகம், செயின் அங்கதான் இறுகும். டூயல் ஸ்போர்ட்ல சஸ்பென்ஷன் பயணம் நீளம், ஸ்டாண்டுல நிக்கும்போது தொளதொளன்னு இருக்கிற செயின் அந்தக் கோட்டுல சரியா இருக்கும். ஸ்டாண்டுலயே டைட்டா இருந்தா ஒவ்வொரு பள்ளத்துலயும் கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட்டோட பேரிங்கைப் பிடிச்சு இழுக்குது. அங்க ஆயில் சீல் கசிய ஆரம்பிச்சா சீல் மேல கோபப்படாதீங்க.

ஒரு நண்பரை உட்காரவச்சு அந்தக் கோடு வர்ற வரைக்கும் அமுக்கி, அந்த நிலையில ஒரு விரல் கன ஆட்டம் விட்டுட்டு, அப்புறம் ஸ்டாண்டுல எவ்வளவு தொங்குதுன்னு அளந்து வச்சுக்குங்க. அது உங்க வண்டியோட சொந்த எண். சக்கரத்தைச் சுத்தி செயின் எங்க இறுக்கமோ அங்கதான் அளக்கணும்.

தேய்மானத்துக்கு: 520 அளவு செயின்ல ஒரு பிட்ச் (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்) 15.875 மி.மீ. இழுத்துப் பிடிச்சு 21 பின்னுக்கு, அதாவது 20 பிட்ச்சுக்கு அளந்தா புதுசுல 317.5 வரும். 319.4 தாண்டினா மாத்த வேண்டியதுதான், ஸ்ப்ராக்கெட் ரெண்டையும் சேர்த்து. கிளிப் போட்ட செயின்னா கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்.

ஏப்ரல் 4

ஆயில் பத்தி நாலு வரி, அதுக்கு மேல போனா சண்டை வரும். ஒத்த சிலிண்டர்ல ஆயில் மொத்தமே ரெண்டு லிட்டர் பக்கம்தான், அதுல அரை லிட்டர் குறைஞ்சா நிலைமை வேற. ஹைவேயில ஒரே வேகத்துல முறுக்கிக்கிட்டு போற நாள்ல ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் ஆயிலைப் பாருங்க. டிரை சம்ப் வண்டிகள்ல (ஆயிலை இன்ஜின் அடியில இல்லாம தனியா வைக்கிறது), ஹோண்டா எக்ஸ்ஆர் 650 எல் மாதிரி வண்டியோட சட்டத்துக்குள்ள (ஃப்ரேம்) ஆயில் வைக்கிறதுல, இன்ஜினை ஓடவிட்டு அணைச்ச கையோட அளக்கணும். ராத்திரி நின்ன வண்டியில அளந்தா ஆயில் கீழ இறங்கியிருக்கும், குறைவா காட்டும், நம்பி ஊத்தினா அதிகமாயிடும். டப்பாவுல ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2ங்கிற பைக் ஆயில் தரக் குறி இருக்கணும், கிளட்சும் அதே ஆயில்லதான் முங்கியிருக்கு. கார் ஆயில்ல கிளட்ச் வழுக்கும்.

ஏப்ரல் 4, இரவு

சண்டை வந்திடுச்சு. எந்த பிராண்டுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 19

ஒருத்தர் வண்டி ஆத்துல இறங்கினதும் அணைஞ்சு, கரை ஏறினதும் ஓடுதாம். தண்ணி உள்ள போகல, ஃபில்டர் காஞ்சிருக்கு. கார்ப்ல இருந்து கீழ தொங்குற மெல்லிசான குழாய்களைப் பாருங்க. அதுல சிலது ஃப்ளோட் கிண்ணத்துக்குக் காத்து தர்ற வழி. எல்லாம் தண்ணிக்குள்ள முங்கிட்டா கிண்ணத்துல காத்தழுத்தம் குலைஞ்சு பெட்ரோல் ஏறாது. ஒரு 'டி' இணைப்பு போட்டு ஒரு கிளையை டேங்க் அடியில மேல கொண்டு போங்க. பழைய வைத்தியம், வேலை செய்யும்.

உண்மையிலேயே தண்ணி குடிச்சு அணைஞ்சிருந்தா செல்ஃபைத் தொடவே கூடாது. தண்ணி அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழட்டி, ஓட்டைக்கு நேரா முகத்தை வைக்காம, சுத்தி வெளியேத்துங்க. ஏர்பாக்ஸையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடிங்க. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா மாத்துங்க, கொஞ்சம் ஓட்டிட்டு இன்னொரு தடவை.

மே 11

முதல் ஆள் 1000 கி.மீ. முடிச்சுட்டு வந்திருக்கார். வலது எக்ஸாஸ்ட், வச்சது 0.20. இப்ப 0.20 தகடு கொஞ்சம் இறுக்கமா போகுது, அவ்வளவுதான். அப்ப அது சீட் எரிஞ்ச கதை இல்ல. யாரோ முன்னாடி வச்சப்ப லாக்நட் முறுக்கையில திருகு திரும்பினதோ என்னமோ. இனி கையேடு சொல்ற இடைவெளியில பார்த்தா போதும்.

இன்னொண்ணும் சொல்றார்: பின் லக்கேஜ் ரேக் போல்ட் ரெண்டு காணோம். ஒத்த சிலிண்டர் அதிர்வு, ஆச்சரியம் இல்ல. சப்ஃப்ரேம், ரேக், சைலன்ஸர் தாங்கி, முன் ஸ்ப்ராக்கெட் மூடி, இதுக்கெல்லாம் நீல நிற த்ரெட்லாக்கர் (மரை கழண்டு வராம தடவுற பசை). சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டாம கழட்ட முடியாது. முறுக்கினதும் போல்ட் தலையிலிருந்து சட்டம் வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு போடுங்க, கோடு விலகினா பார்வையிலேயே தெரியும். எக்ஸாஸ்ட் ஹெடர் நட்டுக்கு த்ரெட்லாக்கர் பிரயோஜனம் இல்ல, அந்தச் சூட்டுல எரிஞ்சிடும், அதை ஸ்பேனர் வச்சுதான் பார்க்கணும்.

மே 12

டயர் ட்யூப்ல காத்தடிக்கிற வால்வு ஏன் சாய்ஞ்சிருக்குன்னு கேட்டவருக்கு: டயர் ரிம்மேல நகருது, ட்யூபையும் இழுத்துக்கிட்டு போகுது. காத்து குறைச்சு மண்ணுல ஓட்டினா நடக்கும். ரிம்மோட ஒட்டி முறுக்கி வச்சிருக்கிற அந்த வால்வு நட்டைத் தளர்த்தி மேல மூடி வரைக்கும் கொண்டு போய் விடுங்க. அது ரிம்ல இறுகி இருந்தா வால்வு சாயாது, நகர்ந்தது தெரியாமலே அடியில கிழியும். சாய்ஞ்சது தெரிஞ்சா காத்தை முழுசா இறக்கி, ரிம்லாக் (டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற கவ்வி) இருந்தா அதோட நட்டைத் தளர்த்தி, டயரைத் திருப்பி நேராக்கி, மறுபடி அடிங்க. ரிம்லாக் இல்லன்னா மண்ணுலயும் காத்தை ரொம்ப இறக்காதீங்க.